நம் கடற்கரையைக் கண்ட மாணவர் இப்னு பதூதா (ரஹ்)

மேற்படிப்பிற்காக வெளிநாடு சென்றுள்ள நம் பிள்ளைகள், அங்குள்ள பழைய கோட்டைகளையும் பள்ளிவாசல்களையும் படமெடுத்து வீட்டிற்கு அனுப்புகின்றனர். படிக்கப் போன இடத்தில் இது எதற்கு என்று பெரியவர்கள் சிலர் என்னிடம் குறைபட்டுக் கொண்டதுண்டு. அவர்களுக்கு மறுமொழியாக ஒரு மாணவரின் வரலாற்றை ஈண்டுத் தருகின்றேன்.

மொரோக்கோ நாட்டின் தன்ஜா நகரிலிருந்து ஹிஜ்ரி 725, ரஜப் மாதத்தில் (கி.பி. 1325) இப்னு பதூதா (ரஹ்) அவர்கள் தனியே புறப்பட்டபோது வயது 21. நாட்டம் ஹஜ், வழியெங்கும் ஆலிம்களிடம் பாடமும் கேட்டார்கள். 1326இல் டமாஸ்கஸ் உமையாப் பள்ளிவாசலில் ஸஹீஹுல் புகாரி முழுவதையும் 14 அமர்வுகளில் செவிமடுத்து இஜாஸா பெற்றார்கள். பாடம் முடிந்ததும் கிதாபை மூடிக்கொண்டு எழுந்து வந்துவிடவில்லை. கலீஃபா வலீத் கட்டிய அப்பள்ளியின் தூண்கள், வாயில்கள், மினாராக்கள், சுவரில் பொன்னும் வண்ணமுமாய்ப் பதித்த சிறு கற்கள் (அரபியில் ஃபுஸைஃபிஸா) யாவற்றையும் கண்டு, பிற்காலத்தில் விரிவாக எழுதுவித்தார்கள்.

அதே ஆண்டு அலெக்ஸாந்திரியாவின் பண்டைய கலங்கரை விளக்கத்தினுள் நுழைந்து அளந்தார்கள். பக்கம் ஒன்றுக்கு 140 சாண். அப்போதே ஒரு பக்கம் இடிந்திருந்தது. 1349இல் திரும்பி வந்து பார்த்தபோது வாயிலை அடையவும் வழியில்லாதபடி அது பாழாகிக் கிடந்தது. உலக அதிசயமென்று போற்றப்பட்ட அக்கட்டடத்தின் உட்புறத்தைப் பற்றி அந்தச் சாண் கணக்கு நமக்கு எவ்வளவோ சொல்கிறது!

இனி நம் கரைக்கு வருவோம். அரபியர் இக்கடற்கரையை மஅபர், அதாவது கடக்குமிடம் என்றழைத்தனர். மதுரையில் சுல்தான் கியாஸுத்தீன் தாமகானி ஆண்ட காலம். இலங்கையிலிருந்து வந்த கப்பல் சேதமுற்று இப்னு பதூதா (ரஹ்) இங்கே கரையேறினார்கள். 'ஃபத்தன்' என்னும் துறைமுகத்தில் கல்லால் கட்டிய அழகிய பள்ளிவாசலையும், கடலில் மரத்தாலமைந்த மேடையையும் கண்டதாகக் கூறுகின்றார்கள். பழக்கிய சிங்கத்தோடு வாழ்ந்த நைஸாபூர் ஃபக்கீர் ஒருவரையும் அங்குதான் சந்தித்தார்கள். (சிங்கத்தை நினைவில் வைத்திருப்போர் பலர், பள்ளிவாசலை நினைப்போர் சிலரே.)

அந்த ஃபத்தன் எது? நம் ஊருக்குத் தெற்கேயுள்ள தேவிபட்டினம் என்பாரும், சீனப் பீங்கான் ஓடுகள் அகழ்ந்தெடுக்கப்பட்ட பெரியபட்டினம் என்பாரும் உளர். முடிவு எட்டப்படவில்லை. பட்டினம் என்று முடியும் பெயர்கள் நம் கரையில் எத்தனை! கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், அம்மாப்பட்டினம் என நம் அண்டையிலேயே வரிசையாக உள்ளன. அந்தக் கல் பள்ளியின் அளவையோ கல்வெட்டையோ எவரேனும் எழுதி வைத்திருந்தால் இவ்வழக்கு என்றோ தீர்ந்திருக்கும்.

கல் பள்ளிகள் எத்தகையன என்பதறியக் கீழக்கரைக்கும் காயல்பட்டினத்திற்கும் சென்று பாருங்கள். தூணும் போதிகையும் தமிழகச் சிற்பியர் கைவண்ணம்; உருவங்கள் இருக்க வேண்டிய இடத்தில் பூவும் கொடியும். இவற்றை அளந்து வரைபடமாக்கி 2003இல் ஆங்கிலத்தில் பெருநூலாக வெளியிட்டவர், பிரிட்டனில் பணியாற்றிய மெஹர்தாத் ஷுகூஹி என்னும் ஆய்வாளர். கடல் கடந்து வந்த ஒருவர் அளந்தார்; அவற்றில் அன்றாடம் தொழுத நாம் அளக்கவில்லை. இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

இடப் பற்றாக்குறையால் பழைய பள்ளியைப் பிரித்துக் கட்டுவது தவிர்க்க இயலாததாகலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆயின் பிரிக்குமுன் ஒரு நாள் போதும். விடுமுறைக்கு வரும் மாணவர்கள் அளவு நாடாவும் கேமராவும் கொண்டு தூண்களையும் மிஹ்ராபையும் அளந்து படமெடுக்கட்டும். மையவாடியின் மீஸான் கற்களில் உள்ள எழுத்துகளைப் படியெடுத்து ஜமாஅத் அலுவலகத்தில் ஒரு பிரதியும், வீட்டில் ஒரு பிரதியும் வைக்கட்டும்.

இரண்டு பிரதி எதற்கென்றால், இப்னு பதூதா (ரஹ்) அவர்கள் புகாராவில் ஆலிம்களின் கபர்க் கல்லெழுத்துகளைப் படியெடுத்து வைத்திருந்தார்கள். மஅபரை விட்டுச் சென்றபின் மேற்குக் கடலில் கொள்ளையர் அவர்களுடைய உடைமைகளைப் பறித்தபோது, அந்த ஒரே படியும் போயிற்று.