ஊசி முனையில் ஒரு மழை

மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுக் கொடுக்க வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம்தான். ஆனால் அந்தக் குஞ்சைப் பெறும்படி தாய் மீனிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. கெஞ்சல் பலித்த கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

புதுக்கோட்டைச் சீமையில் வற்றாத ஆறு கிடையாது. மழையை நம்பி வெட்டிய கண்மாய்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. கோடையில் நீர் வற்றும்போது, ஊத்தாவும் வலையுமாக ஊரே கண்மாயில் இறங்கும் மீன்பிடித் திருவிழாவை நான் பார்த்திருக்கிறேன். கூடையில் விராலும் கெளுத்தியும் துள்ளும். கூடவே கட்லா, ரோகு, மிருகால் என்ற பெரிய மீன்களும் கிடக்கும்.

விராலும் கெளுத்தியும் கண்மாயிலேயே குடும்பம் நடத்துகிறவை. மற்ற மூன்றும் வடநாட்டு ஆறுகளின் குடிகள். மழைக்கால வெள்ளம் புரண்டு வந்தால்தான் முட்டையிடும். தேங்கிய நீரில் கொழுக்கும், வயிற்றில் சினையும் நிறையும். முட்டை மட்டும் வெளிவராது. பருவம் கடந்ததும் சினை உடம்புக்குள்ளேயே கரைந்துவிடும். ஆகவே வெள்ளக் காலத்தில் ஆற்றிலிருந்துதான் குஞ்சுகளை வாரி வரவேண்டும். வாரியதில் வளர்க்க வேண்டிய குஞ்சு எது, அதைத் தின்னப்போகும் குஞ்சு எது என்று யார் கண்டது?

1930இல் அர்ஜென்டினா விஞ்ஞானி பெர்னார்டோ உசே ஓர் அதிசயம் கண்டார். மீனின் மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசியால் ஏற்றினால், குட்டி போடும் மீன் ஒன்று காலத்துக்கு முன்பே ஈன்றது. அந்தப் பத்தாண்டிலேயே பிரேசில்காரர்கள் இதை மீன் வளர்ப்பில் கையாண்டார்கள்.

நம் நாட்டுக் கெண்டைகளுக்கு நல்ல நாள் 1957 ஜூலை 10. அன்றைய ஒரிசாவிலுள்ள அங்குல் என்னும் ஊரில், மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஹீராலால் சௌத்ரி வெற்றி கண்டார். முதிர்ந்த மீனின் தலையிலிருந்து சிறு சுரப்பியை எடுத்து, அரைத்து, அதன் சாற்றைச் சினை மீனின் சதையில் ஏற்றுவதே முறை. ஆறு இல்லை, வெள்ளம் இல்லை. சில மணி நேரத்தில் முட்டைகள் வந்துவிடும்.

ஒரு மீன் தாயாவதற்கு இன்னொரு மீன் தலையைக் கொடுக்க வேண்டுமா என்று மனம் இளகியவர்கள் கேட்கலாம். அந்தக் கடனும் பின்னால் தீர்ந்தது. மூளையே டோபமின் என்ற பொருளால் அந்தச் சுரப்பியைக் கட்டிவைத்திருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். அந்தக் கட்டை அவிழ்க்கும் மருந்தையும், சுரப்பியைத் தூண்டும் செயற்கை ஹார்மோனையும் கலந்து ஒரே ஊசியாக்கினார்கள். இன்று குஞ்சுப் பொரிப்பகங்களில் அந்த ஊசி சர்வ சாதாரணம்.

சௌத்ரி 2014இல் காலமானார். ஜூலை 10ஐத் தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் ஒன்று: வெள்ளம் வந்துவிட்டது என்று மீனை நம்பவைக்கச் சில சொட்டு மருந்து போதும். கண்மாயை அப்படி ஏமாற்ற முடியாது. வரத்து வாய்க்காலைத் தூர்த்து வீடு கட்டிவிட்டால், ஊசியில் பிறந்த குஞ்சை எங்கே கொண்டுபோய் விடுவது?