பீனீசியர் என்று யார் சொன்னது?

அஜக்ஸ் என்பது ஒரு போர்க்கப்பலின் பெயர். 1939 டிசம்பரில் தென்னமெரிக்கக் கரையில் ஜெர்மன் கப்பலொன்றோடு மோதிய பிரித்தானியக் கப்பல் அது. 1941இல் வெடிகுண்டு ஆலையொன்றைச் சுற்றி இங்கே எழுந்த ஊருக்கு அதன் பெயரையே வைத்தார்கள். கப்பலுக்கு அந்தப் பெயர் ஒரு கிரேக்க வீரனிடமிருந்து வந்தது.

இந்த ஊரில் நான் வேலை செய்யும் சாப்பாட்டுக்கடைக் குசினியில் ஒரு லெபனான்காரர் இருக்கிறார். "நாங்கள் அராபியரல்ல, பீனீசியர்" என்பார். வெங்காயம் வெட்டியபடி அவர் அதைச் சொல்லும்போதெல்லாம் எங்கள் ஆட்கள் கதைப்பதைக் கேட்பதுபோலவே இருக்கும்.

ஆனால் பீனீசியர் என்பது கிரேக்கர் இட்ட பெயர். கடற்சங்கிலிருந்து எடுத்த செவ்வூதாச் சாயத்தோடு அதைப் பலர் தொடர்புபடுத்துவர். அந்த மக்களோ தங்கள் கல்வெட்டுகளில் தகப்பன், பாட்டன் பெயரையும், சீதோன், தீரு என்று ஊர்ப்பெயரையும்தான் சொல்லிக்கொள்கிறார்கள். ஊர் கேட்டு ஆளை நிறுக்கிற யாழ்ப்பாணத்தானுக்கு இது விளங்காத சங்கதியல்ல. தங்களை ஒரே இனமாக அவர்கள் கருதியதற்குச் சான்று இல்லை என்று ஜோசபின் குவின் 2018இல் ஒரு புத்தகமே எழுதினார்.

மரபணுக்காரர் சொல்வது இன்னும் சுவையானது. சீதோனில் சுமார் 3700 ஆண்டுக்கு முன் புதைக்கப்பட்ட ஐவரை ஆராய்ந்து, இன்றைய லெபனானியரின் வம்சாவளியில் பெரும்பங்கு அந்தக் கானானியரிடமிருந்தே வந்தது என்று 2017இல் அறிவித்தார்கள். நண்பருக்கு நல்ல செய்தி. ஆனால் அவர்களுடைய அராபிய அயலவருக்கும் அதே இரத்தம்தான்! 2025இல் வந்த ஆய்வோ கார்த்தேஜ் பக்கத்து மக்களைப் பற்றியது. மொழியும் தெய்வமும் பீனீசியம். உடலில் லெபனான் பக்கத்துக் கலப்பு மிகச் சொற்பம். சிசிலி, ஏஜியன் பக்கத்தாரோடுதான் நெருக்கம்.

நம்மவர்க்கும் இதில் ஒரு ஆசை உண்டு. தீருவின் அரசன் ஈராமின் கப்பல்களோடு போய்வந்த சாலொமோனின் கப்பல்கள் கொண்டுவந்த 'துக்கி' என்னும் மயிலை, கால்டுவெல் நம் தோகையோடு இணைத்தார். இதைப் பிடித்துக்கொண்டு பீனீசியரே தமிழர் என்று முடிப்பவர்களும் உண்டு. மயில் போயிருக்கலாம். அதற்காக மயிலை வாங்கியவன் தமிழனாகிவிடுவானா?

யாழ். பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கப்போய் இரண்டாம் வருடத்தோடு விட்டுவந்தவன் நான். எனக்கு ஆனைக்கோட்டைதான் நினைவில் வரும். 1980-81இல் அங்கே கா. இந்திரபாலாவும் குழுவினரும் ஒரு பெருங்கற்காலப் புதைகுழியில் சிறு முத்திரையொன்றைக் கண்டெடுத்தார்கள். மேலே மூன்று குறியீடுகள், கீழே பிராமி எழுத்துகள். 'கோவேத' என்று வாசித்தார்கள். பிராமி அரமேயத்திலிருந்து வந்தது என்போர் பலர், மறுப்போரும் உண்டு. அரமேய எழுத்தோ பீனீசிய எழுத்தின் பிள்ளை. அப்படியானால் அந்த முத்திரை எழுத்துக்கு லெபனான்காரர் தூரத்து உறவு.

இந்திரபாலா 1965இல் எழுதிய ஆய்வேட்டில், இலங்கையில் தமிழரின் நிலையான குடியேற்றங்கள் காலத்தால் பிந்தியவை என்றிருந்தார். அது எவருடைய கையில் என்ன ஆயுதமாயிற்று என்று நமக்குத் தெரியும். 2005இல் வந்த நூலில் அவரே அதை மாற்றினார். அதே மூச்சில், சிங்களவரும் தமிழரும் பெருமளவு ஒரே பழங்குடிகளிலிருந்து, மொழி மாறி உருவானவர்கள் என்றும் எழுதினார். முதற்பாதியை மேற்கோள் காட்டும் நம்மவர் பலர் மறுபாதியைத் தொடுவதில்லை.

இதையெல்லாம் ஒருநாள் நண்பரிடம் சொன்னேன். "கோவேத தமிழனா, சிங்களவனா?" என்று கேட்டார். முத்திரையில் அது இல்லை என்றேன். நம்பாமல் சிரித்துவிட்டு, அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.