பரேல் மாளிகையும் பிளேக் மருந்தும்

அம்பர்நாத்தில் வாழும் தமிழராகிய நாம் நாள்தோறும் மின்சார ரயிலேறி மும்பை நகருக்குச் சென்று திரும்புகின்றோம். கல்யாண், குர்லா, மாதுங்கா, பரேல், பைகுலா, மஸ்ஜித் என்று நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து போகின்றன. இப்பாதை நெடுக ஒரு மருத்துவ வரலாறு கிடக்கின்றது. அதனை மறுமுனையிலிருந்து, அதாவது மஸ்ஜித் பக்கத்திலிருந்து, சொல்லத் தொடங்குவதே முறையாகும்.

மஸ்ஜித் நிலையத்துக்கு அருகே துறைமுகத்தை ஒட்டியுள்ள பகுதி மாண்ட்வி. தானியக் கிடங்குகளும், அவற்றில் எலிகளும், நெருக்கமான வீடுகளும் நிறைந்த இடம். 1896 செப்டம்பரில் அங்குச் சிலருக்குக் கடுங்காய்ச்சலோடு நெறி கட்டியது. அது பிளேக் என்று முதலில் துணிந்து கூறியவர் அகாசியோ வியேகாஸ் என்னும் மருத்துவர். சில மாதங்களுக்குள் அன்றைய பம்பாயின் மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஊரைவிட்டு ஓடினர். வீடுவீடாகச் சோதனை, ரயிலில் சோதனை, நோயாளிகளை வலிந்து பிரித்தல் என்று அரசினர் எடுத்த நடவடிக்கைகள் நோயைக் காட்டிலும் அதிகமாக மக்களை அச்சுறுத்தின.

அப்போது கல்கத்தாவில் காலரா தடுப்பு மருந்துப் பணியில் இருந்த வால்டிமர் ஹாஃப்கின் என்பவரைப் பம்பாய்க்கு அனுப்பினர். இவர் ஒடெஸ்ஸாவில் பிறந்து, பாரிஸில் பாஸ்டர் நிலையத்தில் பயின்றவர். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் அவருக்கு இடம் கிடைத்தது. உதவிக்கு ஓர் எழுத்தரும் மூன்று சேவகருமே இருந்தனர். அவர் மருந்து செய்த முறை நமக்குச் சுவையானது. ஆட்டிறைச்சிச் சாற்றின் மேல் நெய்யைத் துளித் துளியாக மிதக்கவிட்டார். பிளேக் கிருமிகள் அந்நெய்த் துளிகளைப் பற்றிக்கொண்டு, கூரையிலிருந்து விழுதுகள் தொங்குவதுபோலக் கீழ்நோக்கி வளர்ந்தன. அவற்றை உலுக்கி உதிர்த்து, மீண்டும் வளரவிட்டு, பின்னர்ச் சூடேற்றிக் கொன்று, கார்பாலிக் அமிலம் சிறிது சேர்த்தார். இறந்த கிருமி நோய் தராது. ஆயினும் உடல் அதனை எதிர்க்கக் கற்றுக்கொள்ளும். நம் வீட்டு நெய் இப்படியொரு வேலைக்கும் பயன்பட்டிருக்கின்றது!

1897 ஜனவரி 10-ஆம் நாள் ஹாஃப்கின் அம்மருந்தைத் தம் உடலிலேயே ஏற்றிக்கொண்டார். காய்ச்சலும் வலியும் கண்டு, பின் தெளிந்தார். அம்மாத இறுதியில் பைகுலாச் சிறையில் பிளேக் தோன்றியபோது, கைதிகளில் முன்வந்தோர்க்கு ஊசி போடப்பட்டது. போட்டுக்கொள்ளாதவரைவிடப் போட்டுக்கொண்டவரிடையே நோய் வெகு குறைவாகவே கண்டது. சிறைப்பட்டவனுடைய இசைவு எவ்வளவு தூரம் உண்மையான இசைவாகும் என்று இன்று நாம் கேளாதிருக்க முடியாது. அக்காலத்தார் அதனை அதிகம் கேட்டிலர்.

1899-இல் பரேலிலுள்ள பழைய ஆளுநர் மாளிகை பிளேக் ஆராய்ச்சிக் கூடமாயிற்று. மூன்றாண்டுகளில் ஒரு பேரிடி விழுந்தது. 1902 அக்டோபரில் பஞ்சாபில் மல்கோவால் என்னும் சிற்றூரில் 107 பேருக்கு ஊசி போட்டனர். ஒரே குப்பியிலிருந்து போட்டுக்கொண்ட 19 பேர் டெட்டனஸ் என்னும் இசிவு நோயால் மாண்டனர். பழி பரேல் கூடத்தின்மேலும் ஹாஃப்கின்மேலும் சுமத்தப்பட்டது. அவர் பதவி இழந்தார். ஆனால் அவ்வூரில் குப்பியைத் திறந்த உதவியாளரின் இடுக்கி மண்ணில் விழுந்ததும், அதனைச் சரிவரத் தூய்மை செய்யாமல் பயன்படுத்தியதும் விசாரணைச் சாட்சியத்திலேயே இருந்தன. 1907-இல் ரொனால்டு ராஸ் முதலிய அறிஞர்கள் லண்டன் பத்திரிகையில் இதனை எடுத்துரைத்த பின்னரே பழி நீங்கிற்று. மீண்டும் இந்தியா வந்த அவருக்குக் கல்கத்தாவில் வேலை கிடைத்தது, பரேல் கிடைக்கவில்லை. ஐந்தாண்டுகள் ஒரு மனிதரைக் காத்திருக்க வைத்தது நீதியென்று நாம் கருதவில்லை.

அவர் இல்லாதபோதும் பரேலில் வேலை நிற்கவில்லை. எலியின் தெள்ளுப்பூச்சியே நோயைப் பரப்புகின்றது என்று சிமோன் என்பவர் 1898-இல் கராச்சியில் கண்டதைப் பலர் நம்பவில்லை. 1905 முதல் பிளேக் ஆராய்ச்சிக் குழுவினர் அதனைச் சோதித்தனர். தெள்ளு தாவி எட்டமுடியாத உயரத்தில் தொங்கவிட்ட கூண்டுகளில் இருந்த விலங்குகள் பிழைத்தன. தாழ இருந்தவை நோய்ப்பட்டன. அதன்பின் ஐயம் எழவில்லை. 1940-களில் சல்பா மருந்துகளும் ஸ்ட்ரெப்டோமைசினும் வந்தபின், தடுப்பதோடு நில்லாமல் நோயைக் குணப்படுத்தவும் வழி பிறந்தது.

1925-இல் அக்கூடத்துக்கு ஹாஃப்கின் பெயர் சூட்டப்பட்டது. அவர் அப்போது உயிரோடிருந்தார். 1930-இல் லோசானில் காலமானார்.

இனி மாதுங்கா. பிளேக்கின் அச்சத்தால் 1898-இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைந்தது. நெருக்கடியான சந்துகளை இடித்துச் சாலை திறந்த அந்த டிரஸ்ட், காற்றும் வெளிச்சமும் உள்ள குடியிருப்புகளுக்காக வடக்கே தாதர், மாதுங்கா, சயான் பகுதிகளில் மனைகள் வகுத்தது. பின்னர் வேலை தேடி வந்த தென்னிந்தியர் பலர் அம்மனைகளில் எழுந்த வீடுகளில் குடியேறினர். 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தன் பள்ளியை அங்கேதான் தொடங்கியது.