சைக்கிளும் காரும்: ஒரு நூற்றாண்டு வழக்கு

பத்திரிகை அலுவலகங்களுக்கு வரும் வாசகர் கடிதங்களில் சில விடயங்களுக்கு வயதாவதே இல்லை. அவற்றுள் ஒன்று சைக்கிளோட்டிகளுக்கும் வாகனச் சாரதிகளுக்கும் இடையிலான வழக்கு. "சைக்கிளில் வருபவர்களுக்கு வீதி ஒழுங்கு தெரியாது, விளக்கில்லை, மணியில்லை, சிவப்பு விளக்கை மதிப்பதில்லை" என்பது ஒரு தரப்பு. "காரில் வருபவர்களுக்கு வீதி தங்கள் தகப்பன் வீட்டுச் சொத்து என்ற நினைப்பு" என்பது மறுதரப்பு. முப்பது வருடங்களாக இந்த இரண்டு கடிதங்களையும் படித்து வருகிறேன். எழுதுபவர்களின் ஊர்கள் மாறும். இப்போது இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் நண்பர்கள் இதையே எழுதுகிறார்கள். வாதங்கள் மட்டும் மாறுவதில்லை.

இந்தச் சண்டைக்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றைப் பார்த்தால், இது ஒழுக்கம் பற்றிய சண்டை போலத் தோன்றினாலும் உண்மையில் பொறுப்பு பற்றிய சண்டை என்பது தெரியவரும். வீதிச் சட்டங்களை நமக்குத் தந்த பிரித்தானியாவையும், 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தரின் நாட்டையும் உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். ஒரே பிரச்சினைக்கு இரண்டு நாடுகளும் இரண்டு விதமாக விடை தேடின.

வீதியைக் கேட்டவர்கள்

மோட்டார் கார் வருவதற்கு முன்னரே சைக்கிள் வந்துவிட்டது. பிரித்தானியாவில் 1878இல் சைக்கிளோட்டிகளின் சுற்றுலாக் கழகம் தொடங்கப்பட்டது. அன்று வீதியில் அடாவடிக்காரர் என்று பெயர் வாங்கியவர்கள் சைக்கிளோட்டிகளே. குதிரைகளை மிரள வைக்கிறார்கள், பாதசாரிகளை இடிக்கிறார்கள், வேகவெறி பிடித்தவர்கள் என்றெல்லாம் அவர்கள்மீது குற்றஞ்சாட்டப்பட்டது. 1888இல் நிறைவேறிய உள்ளூராட்சிச் சட்டம் இதற்கு ஒரு முடிவு கட்டியது. சைக்கிளும் ஒரு வண்டியே என்று அச்சட்டம் கூறியது. அதாவது, வீதியில் செல்ல அதற்கு உரிமை உண்டு. கூடவே கடமையும் உண்டு. இரவில் விளக்கு எரிய வேண்டும். பிறரை முந்தும்போது மணியாலோ வேறு வழியாலோ எச்சரிக்க வேண்டும். அதே 1888ஆம் ஆண்டில்தான் ஜோன் பொய்ட் டன்லொப் காற்றடைத்த ரயருக்கான உரிமத்தைப் பெற்றார் என்பதையும் நினைவிற் கொள்ளலாம்.

அக்காலத்து வீதிகள் குண்டும் குழியும் புழுதியுமாக இருந்தன. அவற்றைத் திருத்தக் கோரி 1886இல் ஒரு சங்கம் அமைந்தது. அதை அமைத்தவர்கள் கார்ச் சொந்தக்காரர்கள் அல்லர். அப்போது காரே இல்லை. சைக்கிளோட்டிகளின் அமைப்புகளே அந்தச் சங்கத்தை உருவாக்கின. நல்ல வீதி வேண்டும் என்று முதலில் இயக்கம் நடத்தியவர்களைத்தான் பிற்காலத்தில் வீதிக்கு இடைஞ்சல் என்று சொன்னார்கள். வரலாறு இப்படியான நன்றிகெட்ட வேலைகளை அடிக்கடி செய்யும்.

வேகம் வந்த கதை

இயந்திர வண்டிகள் நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைல், நகரத்தில் 2 மைல் வேகத்துக்கு மேல் செல்லலாகாது, முன்னால் ஒருவர் சிவப்புக் கொடியுடன் நடக்க வேண்டும் என்று 1865ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தது. அபாயத்தைக் கொண்டு வருபவனே அதைத் தடுக்கவும் வேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது. 1896இல் இக்கட்டுப்பாடுகள் தளர்ந்தன. 1903இல் வேக எல்லை மணிக்கு 20 மைல் ஆனது. 1930இன் வீதிப் போக்குவரத்துச் சட்டம் கார்களுக்கான வேக எல்லையை அடியோடு நீக்கியது. ஓடுபவரின் நல்லறிவே போதும் என்று சட்டமியற்றியவர்கள் நம்பினார்கள்.

நம்பிக்கையின் விலை விரைவில் தெரிந்தது. 1934இல் பிரித்தானிய வீதிகளில் 7,343 பேர் இறந்தனர். அவர்களில் ஏறத்தாழ அரைவாசிப்பேர் பாதசாரிகள். அப்போது அந்த நாடு முழுவதிலும் இருந்த மோட்டார் வாகனங்கள் சுமார் 25 இலட்சம் மட்டுமே.

போக்குவரத்து அமைச்சராக இருந்த லெஸ்லி ஹோர் பெலிஷா இரண்டு காரியங்களைச் செய்தார். குடியிருப்புப் பகுதிகளில் மணிக்கு 30 மைல் என்ற எல்லை 1935இல் நடைமுறைக்கு வந்தது. அதற்குச் சற்று முன்னர், 1934 டிசம்பரில், இலண்டனின் வெஸ்டர்ன் அவெனியூவில் இரண்டரை மைல் நீளமான தனிச் சைக்கிள் பாதையை அவர் திறந்து வைத்தார்.

சைக்கிளோட்டிகள் மகிழ்ந்திருப்பார்கள் என்று நினைப்போம். அவர்கள் எதிர்த்தார்கள். இன்று பாதை தருவார்கள், நாளை பெருவீதியில் வரக்கூடாது என்பார்கள் என்பது அவர்களுடைய அச்சம். அரை நூற்றாண்டுக்கு முன் சட்டத்தால் பெற்ற உரிமையைச் சில அடி அகலமான ஓரப்பாதைக்காக விட்டுக்கொடுக்க அவர்கள் தயாராக இல்லை. அந்த அச்சத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். பிரித்தானியாவில் சைக்கிள் பயணம் 1949இல் உச்சத்தைத் தொட்டது. 1970களின் தொடக்கத்தில் அது ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியிருந்தது. உரிமை ஏட்டில் அப்படியே இருந்தது. அதைப் பயன்படுத்தும் துணிவுதான் மக்களிடம் இல்லாமற் போனது.

ஒல்லாந்தர் கட்டிய வரி

"கார்ச் சொந்தக்காரர் வரி கட்டுகிறார், சைக்கிளோட்டி என்ன கட்டுகிறார்?" என்ற கேள்வி இந்த வழக்கில் தவறாமல் வரும். நெதர்லாந்தின் வரலாறு அதற்குப் பதில் வைத்திருக்கிறது. 1924 முதல் 1941 வரை அந்நாட்டில் ஒவ்வொரு சைக்கிளுக்கும் வருடாந்த வரி இருந்தது. ஆரம்பத்தில் அது 3 கில்டர். வரி கட்டியதற்கு அடையாளமாக ஓர் உலோகத் தகட்டைச் சைக்கிளில் பொருத்த வேண்டும். 1930களின் பொருளாதார மந்தத்தின்போது வேலையற்றோருக்குத் தகடு இலவசமாகக் கொடுக்கப்பட்டது; ஆனால் அதில் ஒரு துளை இடப்பட்டிருந்தது. அவருடைய வறுமையை வீதியில் போவோர் வருவோர் எல்லாரும் பார்க்கலாம்!

இந்த வரிப் பணம் வீதி நிதிக்குப் போனது. அந்நிதியால் அமைந்த பெருவீதிகளின் வசதியை அனுபவித்தவர்களில் முதன்மையானோர் காரோட்டிகள். நமது ஊர்களிலும் ஒரு காலத்தில் உள்ளூராட்சி சபைக்குப் பணம் கட்டிச் சைக்கிளுக்கு லைசென்ஸ் எடுக்க வேண்டியிருந்ததை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இன்று உலகமே வியக்கும் சைக்கிள் நாடு அது. ஆனால் அது இயல்பாக, இரத்தத்தில் ஊறி வந்தது என்று சொல்வது வரலாறு அறியாதவர்களின் பேச்சு. 1950களிலும் 60களிலும் அங்கும் வருமானம் பெருகியது, கார்கள் பெருகின, நகரச் சதுக்கங்கள் வாகனத் தரிப்பிடங்களாகின. சைக்கிள் ஏழையின் பழைய வாகனம் என்று ஒதுங்கத் தொடங்கியது. 1971இல் அங்கு வீதி விபத்துகளில் இறந்தவர்கள் ஏறத்தாழ 3,300 பேர். அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் சிறுவர்கள். அன்றைய சனத்தொகையோ ஒரு கோடியே 30 இலட்சம் அளவில்தான் இருந்தது.

ஒரு பத்திரிகையாளரின் கட்டுரை

இறந்த அச்சிறுவர்களில் ஒருத்தி, சைக்கிளில் பாடசாலைக்குச் சென்றபோது கார் மோதி மாண்ட ஒரு சிறுமி. அவளுடைய தந்தை விக் லாங்கன்ஹொஃப் ஒரு பத்திரிகையாளர். 1972இல் 'டி டைட்' நாளேட்டில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். தமிழில் சொன்னால், 'சிறுவர் கொலையை நிறுத்துங்கள்' என்பது அதன் தலைப்பு.

'விபத்து' என்ற சொல்லையே வாழ்நாள் முழுவதும் செய்திகளில் எழுதிவந்த தொழில் எங்களுடையது. அதற்குப் பதிலாகக் 'கொலை' என்று எழுத ஒருவர் துணிந்தார். விபத்து என்றால் யாரும் பொறுப்பில்லை. விதியின்மேல் பழியைப் போட்டுவிடலாம். கொலை என்றால் பொறுப்பாளி யார் என்ற கேள்வி எழும். அவர் கேள்வியை எழுப்பியது ஒரு சாரதிக்கு எதிராக மட்டுமல்ல. அப்படிப்பட்ட வீதிகளை அமைத்துவிட்டுப் பிள்ளைகளைக் கவனமாக இருக்கச் சொன்ன ஒரு சமூகத்துக்கே எதிராக.

அந்தத் தலைப்பு ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. அதன் முதல் தலைவியான மார்ட்யே வன் புட்டன் பின்னாளில் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினரானார். பெற்றோர் பிள்ளைகளுடன் வீதிகளை மறித்தார்கள். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. நவம்பர் 4 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டுவது சில காலம் தடைசெய்யப்பட்டது. வெறிச்சோடிய நெடுஞ்சாலைகளில் மக்கள் சைக்கிள் ஓட்டினார்கள். 1975இல் சைக்கிளோட்டிகளுக்கென ஒரு சங்கம் உருவானது. தில்பேர்க், ஹேக் நகரங்களில் பரீட்சார்த்தப் பாதைகள் அமைந்தன. தனியொரு பாதை போட்டால் போதாது, அது வலைப்பின்னலாக வீட்டு வாசலிலிருந்து வேலைத்தளம் வரை போக வேண்டும் என்பதை டெல்ஃப்ற் நகரில் கற்றுக்கொண்டார்கள்.

எண்ணெய் மீண்டும் வந்தது. ஆனால் பாதை அமைக்கும் வேலை நிற்கவில்லை. மற்ற நாடுகளுக்கும் அந்நாட்டுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

சட்டம் சொல்வது என்ன?

அந்நாட்டு வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் 185ஆம் பிரிவு பற்றிப் பல தவறான கதைகள் உலவுகின்றன. சைக்கிளோட்டி என்ன செய்தாலும் காரோட்டி சிறைக்குப் போவார் என்பது அவற்றில் ஒன்று. அது உண்மையல்ல. அப்பிரிவு தண்டனை பற்றியதன்று, நட்டஈடு பற்றியது. கார், பாதசாரியையோ சைக்கிளோட்டியையோ மோதினால், தவிர்க்கவே முடியாத நிலை இருந்தது என்று நிரூபித்தாலன்றி நட்டம் வாகனத் தரப்பைச் சேரும். அடிபட்டவர் 14 வயதுக்குட்பட்டவரானால் ஏறக்குறைய எப்போதும் முழு நட்டஈடு. அதற்கு மேற்பட்டவரானால், அவரிலும் பிழையிருந்தாலும், குறைந்தது பாதியை வாகனத் தரப்பு ஏற்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் வகுத்தன.

ஒரு தொன் இரும்புடன் வீதிக்கு வருபவருக்கும் 15 கிலோ சைக்கிளுடன் வருபவருக்கும் ஒரே அளவு பொறுப்பு என்பது கேட்பதற்குச் சமத்துவம் போலிருக்கும். இருவரும் ஒரே தவறைச் செய்தாலும் ஒருவர்தான் வீட்டுக்கு உயிருடன் போகிறார். சட்டம் இந்த உண்மையைத்தான் ஏற்றுக்கொண்டது.

இவ்வளவு செய்த நாட்டிலேயே, 2001 மே 1 வரை, சமமான சந்திகளில் வலப்புறத்திலிருந்து வரும் சைக்கிளுக்கு மோட்டார் வாகனத்தின்முன் முன்னுரிமை இருக்கவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. உரிமைகள் ஒன்றொன்றாகத்தான் வந்தன.

அங்கு எல்லாம் சுபமாக முடிந்துவிட்டது என்றும் எழுத மாட்டேன். 2010களில் ஆண்டுக்கான வீதி மரணங்கள் 700க்குக் கீழே இருந்தன. 1971உடன் ஒப்பிட இது பெரும் சாதனை. ஆனால் 2022இல் 291 சைக்கிளோட்டிகள் இறந்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் முதியவர்கள். மின்சார சைக்கிள்கள் வேகத்தைக் கூட்டிவிட்டன. தடித்த ரயர்களுடன் பறக்கும் இளைஞர்களைப் பற்றி, இப்போது மற்றச் சைக்கிளோட்டிகளே முறையிடுகிறார்கள். வேகமும் பாரமும் கூடியவர் பொறுப்பும் கூடியவராக வேண்டும் என்ற விதி சைக்கிளோட்டிகளுக்கிடையிலும் பொருந்துகிறது.

நமது வீதிகள்

1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடைசெய்யப்பட்டபோது குடாநாடே சைக்கிளில் ஓடியது. விறகும் நோயாளியும் மணமக்களும் சைக்கிளிலேயே பயணம் செய்தார்கள். 1995 ஒக்ரோபரில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது வீட்டுச் சாமான்களைச் சுமந்ததும் சைக்கிளே. அந்த மக்கள் தாமாகத் தேர்ந்த வாழ்க்கையல்ல அது. யுத்தமும் தடையும் திணித்தவை. அதை யாரும் பொற்காலம் ஆக்க வேண்டாம். ஆனாலும் வீதி அன்று சைக்கிளுக்குரியதாக இருந்தது.

பின்னர் பாதை திறந்தது. மோட்டார் சைக்கிளும் ஹயஸ் வானும் பெருகின. வீதிகள் அகன்று 'கார்ப்பற்' ஆயின. அந்த அகலத்தில் சைக்கிளுக்கென்று ஒரு முழ இடத்தையாவது ஒதுக்க வேண்டும் என்று பெரிதாக யாரும் கேட்கவில்லை. 2022இல் நாடு முழுவதும் எரிபொருள் தீர்ந்து, நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது, கொழும்பிலும் சைக்கிள் திரும்பி வந்தது. எரிபொருள் வந்ததும் அது மீண்டும் ஓரத்துக்குப் போனது. நெருக்கடி சைக்கிளை வீதிக்குக் கொண்டு வரும். ஆனால் அதை அங்கே நிலைநிறுத்துவது நெருக்கடியின் வேலையல்ல.

அதே 2022 ஜனவரி 29இல் பிரித்தானியா தனது வீதி ஒழுங்கு நூலைத் திருத்தியது. மோதலில் மற்றவருக்கு அதிக தீங்கு விளைவிக்கக் கூடியவரே அபாயத்தைக் குறைப்பதில் அதிக பொறுப்புடையவர் என்று அதில் எழுதியது. பாதசாரியும் சைக்கிளோட்டியும் தம் பங்குக்குக் கவனமாக இருக்க வேண்டும் என்பதையும் அது விலக்கவில்லை. சிவப்புக் கொடியுடன் ஒருவரை நடக்கவிட்ட 1865இலிருந்து அந்த இடத்துக்கு வந்துசேர 157 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

சைக்கிளோட்டிகள் விளக்குப் பூட்ட வேண்டும், சமிக்ஞையை மதிக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் எங்கள் நாடு அந்த ஒரு பாதியைத்தான் பிரித்தானியரிடமிருந்து எடுத்துக்கொண்டது. விளக்கில்லாமல் வரும் சைக்கிளை மறிக்கப் பொலிஸார் சந்தியில் நிற்கிறார்கள். பாடசாலை விடும் நேரத்தில், அதே சந்தியில், சைக்கிளில் வரும் பிள்ளைகளை உரசிக்கொண்டு வான்கள் போகின்றன. அதையும் மறிக்க வேண்டும் என்று நாம் எப்போது கேட்கப் போகிறோம்?