கொல்லும் கரண்டு, காக்கும் கரண்டு

"சுவிட்சைத் தொடாதே, கரண்டு அடிச்சிடும்!" ஈஜோக் வட்டாரத் தோட்டங்களில் இப்படிப் பிள்ளையை அதட்டாத தாய் உண்டா? அந்த அச்சம் நியாயமானதே. ஆயினும் தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தைச் சீராக்குவதும் மின்சாரம்தான். இந்த வரலாறு நம் மாணவர்கள் அறிய வேண்டியது.

1899-இல் ஜெனீவாவில் பிரெவோ, பத்தெல்லி என்னும் இருவர் ஒரு விந்தையைக் கண்டனர். சிறிய மின்னதிர்ச்சி நாயின் இதயத்தைத் துடிக்க விடாமல் நடுங்க வைத்தது. பெரிய அதிர்ச்சி அந்த நடுக்கத்தை நிறுத்தியது. அன்று அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அமெரிக்காவில் மின்கம்பி வேலையாட்கள் கரண்டு அடித்து மாண்டார்கள். அதன் பிறகே அங்குள்ள மின்சார நிறுவனங்கள் பணம் கொடுத்து ஆராயச் சொல்லின. தொழிலாளியின் உயிர் போன பிறகுதான் ஆராய்ச்சி பிறந்தது, பாருங்கள்!

1947-இல் டாக்டர் கிளாட் பெக், அறுவை மேசையில் இதயம் நடுங்கிப்போன 14 வயதுச் சிறுவனை மின்னதிர்ச்சி கொடுத்துக் காப்பாற்றினார். 1956-இல் டாக்டர் பால் சோல், நெஞ்சைத் திறக்காமலே வெளியிலிருந்து கொடுத்து வெற்றி கண்டார். இருவரும் பயன்படுத்தியது சுவரில் வரும் ஏ.சி. கரண்டு. அது அங்கே நொடிக்கு 60 சுற்று முன்னும் பின்னும் ஓடும். உயிரைக் காத்தது உண்மை. ஆனால் இதயத் தசையையும் புண்படுத்தியது. சில சமயம் அதுவே புதிய நடுக்கத்தை உண்டாக்கிவிடும். அப்படியிருக்க, உயிருக்கு உடனடி ஆபத்தில்லாத துடிப்புக் கோளாறுக்கு அதை எந்த டாக்டர் துணிந்து கொடுப்பார்?

பாஸ்டன் நகர டாக்டர் பெர்னார்ட் லோன், பெர்க்கோவிட்ஸ் என்ற பொறியாளருடன் சேர்ந்து 1962 வாக்கில் வேறு வழி கண்டார். வாளியில் பிடித்து வைத்த தண்ணீரை ஒரே வீச்சில் ஊற்றுகிறோம் அல்லவா? அதுபோலக் கரண்டைக் கெப்பாசிட்டரில் சேர்த்து, கம்பிச் சுருள் வழியே, நொடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரத்துக்குள் டி.சி.யாகப் பாய்ச்சினார். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தாங்காத ஒரு கணம் உண்டு. அதில் அதிர்ச்சி விழாதபடி, இதயத்தின் மின் துடிப்பை (ஈ.சி.ஜி.) பார்த்தே பாயுமாறு கருவியை அமைத்தார்.

சொல்லாமல் விடக்கூடாத ஒன்று: மாஸ்கோவில் குர்விச் என்பவர் கெப்பாசிட்டர் முறையை 1939-லேயே காட்டியிருந்தார். அவர் பெயரை நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்போம்?

பின்னர் அலையின் வடிவம் மறுபடியும் மாறியது. இன்றைய கருவிகளில் கரண்டு ஒரு திசையில் பாய்ந்து, பாதியில் ஒரே ஒரு முறை திரும்பிப் பாய்கிறது. ஒரு திசை அலைக்கு 360 ஜூல் வரை தேவைப்பட்ட இடத்தில் இதற்குப் பெரும்பாலும் 150 முதல் 200 ஜூல் போதும். நெஞ்சுத் தோலில் சூடுபட்ட புண்ணும் குறைவு.