யாரும் கேட்காத களைப்பு

அமெரிக்காவில் 1997இல் ஓர் ஆய்வு வெளியானது. 419 புற்றுநோயாளிகளிடமும் 197 புற்றுநோய் மருத்துவர்களிடமும் கேட்ட கேள்விகளில் ஒன்று இது: நோயாளியின் அன்றாட வாழ்க்கையை அதிகம் கெடுப்பது வலியா, களைப்பா? மருத்துவர்களில் 61 விழுக்காட்டினர் வலி என்றார்கள். நோயாளிகளில் 61 விழுக்காட்டினர் களைப்பு என்றார்கள். வலி என்று சொன்ன நோயாளிகள் 19 விழுக்காடுதான். களைப்பைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும் என்று நான்கில் மூன்று நோயாளிகள் நினைத்திருந்தார்கள். பாதிப் பேர் அதற்கு என்ன சிகிச்சை என்று மருத்துவரிடம் பேசவே இல்லை.

நான் தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்யும் பொறியாளன். சென்சார் பொருத்தாத இடத்தில் கோளாறு வந்தால் திரையில் ஒன்றும் தெரியாது. இயந்திரம் நின்ற பிறகுதான் தெரியும். புற்றுநோயாளியின் களைப்பும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்திருக்கிறது.

நாம் சாதாரணமாகச் சொல்லும் களைப்பு படுத்து எழுந்தால் போய்விடும். இது போகாது. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் உடம்பை அடித்துப் போட்ட மாதிரி இருக்கும். சிலருக்குச் சிகிச்சை முடிந்து வருடங்கள் ஆன பிறகும் தொடரும். ரத்தசோகை, தைராய்டு, தூக்கக் கோளாறு, மனச்சோர்வு என்று காரணம் பிடிபட்டால் அதற்கு மருத்துவம் உண்டு. பிடிபடாதபோதுதான் வீட்டில் சிக்கல் தொடங்குகிறது.

கிள்ளானில் என் பெரியம்மா கீமோ எடுத்துக்கொண்டிருந்த மாதங்களில், பார்க்க வந்தவர்கள் எல்லாரும் இரண்டே விஷயத்தைத்தான் சொன்னார்கள். ஒன்று, "நல்லா ரெஸ்ட் எடுங்கக்கா." இன்னொன்று, "மனச மட்டும் தைரியமா வச்சுக்குங்க." மூன்றாவது மாதத்தில் பேச்சு மாறியது. "இன்னுமா படுத்திருக்கீங்க?" அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. மருத்துவ உலகமும் இந்த இரண்டையும் பெரிதாக நம்பியிருந்தது. அந்த நம்பிக்கைகள் எப்படி ஆட்டம் கண்டன என்பதுதான் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு.

முதலில் ஓய்வு. அதை முதலில் கேள்வி கேட்டவர்களில் முக்கியமானவர்கள் தாதியர். நோயாளியின் பக்கத்தில் அதிக நேரம் இருப்பவர்கள் அவர்கள்தானே. 1980களில் அமெரிக்கத் தாதியியல் ஆய்வாளர் மேரில் வின்னிங்காமும் அவருடைய சகாக்களும், மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்டிருந்த பெண்களை வாரம் மூன்று முறை, பத்து வாரங்களுக்கு, நிலைச் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். அவர்களுடைய உடல்திறன் குறையவில்லை, கூடியது. அசையாமல் கிடந்தால் தசை கரைகிறது. நேற்று ஏறிய அதே படியில் இன்று கூடுதலாக மூச்சு வாங்குகிறது. அதனால் மறுபடி படுக்கிறோம். ஓய்வே களைப்பை வளர்க்கும் வட்டம் இது. அதே பத்தாண்டில் பார்பரா பைப்பர் என்ற தாதியியல் ஆய்வாளர் களைப்பை அளக்க ஒரு வினாத்தாளை உருவாக்கினார். நோயாளி தானே சொல்வதுதான் அதில் அளவு. சென்சார் ஒருவழியாகப் பொருத்தப்பட்டது.

அடுத்தது தைரியம். இந்தக் கதை கொஞ்சம் சிக்கலானது. 1970களில் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் இர்வின் யாலோமும் டேவிட் ஸ்பீகலும், உடலில் பரவிவிட்ட மார்பகப் புற்றுநோய் உள்ள பெண்களை வாரம் ஒருமுறை 90 நிமிடம் ஒன்றாக உட்காரவைத்துப் பேசவைத்தார்கள். சாவு, பயம், கணவர், பிள்ளைகள் என்று எதையும் மறைக்காமல் பேசினார்கள். நோய் குணமாகும் என்று யாரும் அங்கே ஆசை காட்டவில்லை. 1989இல் ஸ்பீகல் 'லான்செட்' இதழில் எழுதியது எல்லாரையும் திரும்பிப் பார்க்கவைத்தது. 86 பெண்களில், குழுவுக்கு வந்தவர்கள் சராசரியாக 36.6 மாதம் வாழ்ந்தார்கள். வராதவர்கள் 18.9 மாதம்.

ஏறக்குறைய இரண்டு மடங்கு. இந்த எண் வெளியே போனபோது, 'மனம் வைத்தால் நோயை ஜெயிக்கலாம்' என்று உருமாறியது. அதற்கு ஒரு மறுபக்கம் உண்டு: ஜெயிக்காதவர் மனம் வைக்கவில்லை. எழ முடியாமல் படுத்திருப்பவருக்கு இதைவிடக் கொடுமையான வாக்கியம் இருக்க முடியாது. 2001இல் கனடாவில் 235 பெண்களிடம் இதே முறையைச் சோதித்தார்கள். ஆயுள் கூடவில்லை. 2007இல் ஸ்பீகலின் சொந்த மறு ஆய்விலும் மொத்தமாகப் பார்க்கும்போது கூடவில்லை. ஆனால் கனடா ஆய்வில், மனத்துயரம் அதிகமாக இருந்தவர்களுக்கு அது குறைந்தது, வலியின் உணர்வும் குறைந்தது. ஆயுளை நீட்டாவிட்டாலும் அந்த உட்காரல் வீண் இல்லை.

அப்படியானால் களைப்புக்கு எது உதவும்? நெதர்லாந்தின் நைமேகன் நகரத்தில் கைஸ் பிளைன்பெர்க் குழுவினர் கேள்வியையே மாற்றினார்கள். களைப்பைத் தொடங்கிவைத்தது எது என்பதை விட்டுவிட்டு, சிகிச்சை முடிந்த பிறகும் அதைப் போகவிடாமல் பிடித்துவைத்திருப்பது எது என்று பார்த்தார்கள். ஆறு காரணங்களைப் பட்டியலிட்டார்கள்: நோய் வந்த அதிர்ச்சி ஆறாதது, திரும்ப வருமோ என்ற பயம், களைப்பைப் பற்றிய தவறான எண்ணங்கள், ஒழுங்கற்ற தூக்கம், ஒழுங்கற்ற உழைப்பு, சுற்றியிருப்பவர்களின் ஆதரவுக் குறைவு. எல்லாருக்கும் ஆறும் இருக்காது. யாருக்கு எது இருக்கிறதோ அதற்கு மட்டும் சிகிச்சை. 2006இல் 112 பேரிடம் செய்த ஆய்வின் முடிவில், இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 54 விழுக்காட்டினருக்குக் களைப்பு குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களில் 4 விழுக்காட்டினருக்குத்தான் குறைந்தது.

மனதுக்குச் செய்யும் சிகிச்சையில் குறைகிறது என்பதால் களைப்பு வெறும் மனப்பிரமை என்று ஆகிவிடாது. கால் உடைந்தவருக்கு நடைப்பயிற்சி உதவுகிறது என்பதால் எலும்பு உடையவே இல்லை என்று யாராவது சொல்வோமா?

சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போது கொடுக்கப்படும் உளவியல், சமூக ஆதரவைப் பற்றிய 27 ஆய்வுகளை 2009இல் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு ஒன்று தொகுத்துப் பார்த்தது. ஏழில் மட்டுமே களைப்பு தெளிவாகக் குறைந்திருந்தது. அந்த ஏழு எவை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. களைப்பையே குறிவைத்த ஐந்தில் நான்கு பலன் தந்தன. பொதுவாக ஆறுதல், மனநலம் என்று போன 22இல் மூன்றுதான் பலன் தந்தன. அந்த ஐந்தும் பெரிய ஏற்பாடு கிடையாது. தனியாக உட்கார்ந்து மூன்றே சந்திப்புகள், நடத்தியவர்கள் தாதியர். களைப்பு ஏன் வருகிறது என்று விளக்கினார்கள். சமாளிக்கும் வழிகளையும், வேலையையும் ஓய்வையும் எப்படிப் பிரித்துக்கொள்வது என்பதையும் கற்றுக்கொடுத்தார்கள்.

அன்பு எதற்கும் மாற்று இல்லை, சரிதான். ஆனால் இந்த எண்கள் சொல்வது வேறு: அன்பு குறிபார்த்து வர வேண்டும். "தைரியமா இருங்க" என்பதற்குப் பதிலாக, "இன்னிக்கு எந்த நேரத்துல கொஞ்சம் தெம்பா இருந்துச்சு? அந்த நேரத்துல என்ன செய்ய ஆசை?" என்று கேட்கலாம். மிச்ச வேலையை யார் எடுத்துக்கொள்வது என்று வீட்டில் பேசி முடிவு செய்யலாம். தெம்பாக இருக்கும் நாளில் எல்லாவற்றையும் செய்து தீர்த்து, மறுநாள் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளலாம். மருத்துவரிடம் போகும்போது, அவர் கேட்காவிட்டாலும், களைப்பைப் பற்றி நாமே பேச்செடுக்கலாம்.

1997இல் அந்த 419 பேரும் புதிதாக எதையும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. தங்கள் உடம்பு என்ன சொல்கிறது என்று ஒருவர் கேட்டார். பதில் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது.