அப்டேட் போட்டாலும் வில்லங்கம், போடாவிட்டாலும் வில்லங்கம்

2023 ஓகஸ்ட்டில் நமது நாட்டில் ஒரு சம்பவம் நடந்தது. செய்திகளில் சில நாள் ஓடியது, பிறகு எல்லோரும் மறந்துவிட்டோம். அரசாங்க அலுவலகங்களின் மின்னஞ்சல்கள் இருக்கும் 'லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்' மீது ஓகஸ்ட் 26ஆம் திகதி ரென்சம்வெயார் தாக்குதல் நடந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. 12 மணித்தியாலத்துக்குள் சேவை திரும்பி வந்துவிட்டது. ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பி வரவில்லை. யாரோ ஒருவரின் இடமாற்ற விண்ணப்பம், இன்னொருவரின் ஓய்வூதியக் கடிதம் எல்லாம் அதற்குள் இருந்திருக்கலாம்.

ஏன் நடந்தது என்பதற்கு ஐ.சி.டி.ஏ. நிறுவனமே விளக்கம் சொன்னது. மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற பழைய மென்பொருளில்தான் அது ஓடிக்கொண்டிருந்தது. 2021இலிருந்தே அதைப் புதுப்பிக்கத் திட்டம் இருந்ததாம். நிதிப் பற்றாக்குறை, முன்னைய பணிப்பாளர் சபையின் சில தீர்மானங்கள் என்று இழுபட்டுவிட்டது. மைக்ரோசொஃப்ட் அந்த மென்பொருளுக்கான ஆதரவை 2023 ஏப்ரல் 11ஆம் திகதியுடன் நிறுத்தியது. அதற்குப் பிறகு ஐந்து மாதம்கூடத் தாண்டவில்லை. இணையத்துடன் தொடர்பில்லாத பேக்கப்பும் அந்தக் காலத்துக்கு இருக்கவில்லை.

"நேரத்துக்கு அப்டேட் போட்டிருந்தால் சரிதானே?" என்று கேட்பீர்கள். போட்டவர்களின் கதையையும் கொஞ்சம் பாருங்கள்.

1990 ஜனவரி 15, அமெரிக்கா. ஏடி அன்ட் டி நிறுவனத்தின் தூர அழைப்புகளை 114 பெரிய சுவிட்ச்கள் கையாண்டன. ஒன்று பழுதானால் மற்றது தாங்கும்படிதான் அமைத்திருந்தார்கள். அதற்கு முந்திய டிசம்பரில் 114க்கும் புதிய மென்பொருள் ஏற்றினார்கள். ஒரு மாதம் எந்தக் கரைச்சலும் இல்லை. அன்று பிற்பகல் நியூயோர்க்கில் ஒரு சுவிட்சுக்குச் சின்னக் கோளாறு. அது தன்னைத்தானே நிறுத்தி, சில செக்கன்களில் எழும்பி, "நான் வந்துவிட்டேன்" என்று மற்றவைக்குச் செய்தி அனுப்பியது. அந்தச் செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கி வந்தபோது புதிய மென்பொருளில் இருந்த பிழை கிளம்பியது. சி மொழியில் எழுதிய நிரலில் 'பிரேக்' என்ற ஒரேயொரு கட்டளை இருக்கக்கூடாத இடத்தில் இருந்தது. பக்கத்துச் சுவிட்ச் விழுந்தது. அது எழும்பிச் செய்தி அனுப்ப அடுத்தது விழுந்தது. சுமார் 9 மணித்தியாலம் இப்படியே ஓடியது. கோடிக்கணக்கான அழைப்புகள் போய்ச் சேரவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது அந்தக் கட்டளையை அல்ல. ஒன்றுக்கு ஒன்று துணை என்று நினைத்த 114க்கும் ஒரே மென்பொருளை ஏற்றியதால், எல்லாவற்றுக்கும் ஒரே நோய் இருந்தது. பொறியியலாளர்கள் பழைய மென்பொருளுக்குத் திரும்பிப் போக வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு இந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உறுதியாயிற்று. இன்று ஒழுங்கான தரவு மையத்தில் முக்கியமான ஒவ்வொரு சேர்வரும் இரண்டு சுவிட்ச்களுடன் இணைந்திருக்கும். போக்குவரத்தை ஒன்றுக்கு மாற்றிவிட்டு மற்றதைப் புதுப்பிப்பார்கள். சில நாள் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததில் கை வைப்பார்கள். பழைய மென்பொருள் சுவிட்சிலேயே இருக்கும், பிழைத்தால் திரும்பிப் போகலாம். ஆள் குறைந்த நேரத்தைத்தான் தெரிவு செய்வார்கள். நமது விவசாயிகளுக்கு இது புதிதல்ல. வயல் தண்ணீர் கேட்கும் நேரத்தில் வாய்க்காலை மூடி எவரும் திருத்துவதில்லை. ஆரம்பக் கூட்டத்தில் திகதி போட்டுத்தான் தண்ணீரே திறக்கிறார்கள்.

ஆனால் படிப்படியாகச் செய்தாலும் சறுக்கும். 2022 ஜூலை 8, கனடா. (அடுத்த நாள் ஜூலை 9 கொழும்பில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும், அதனால் இந்தச் செய்தி நமக்குக் கண்ணில் படவில்லை.) ரொஜர்ஸ் நிறுவனம் தனது மைய வலையமைப்பை ஏழு கட்டங்களாகப் புதுப்பித்துக் கொண்டிருந்தது. ஐந்து கட்டம் நன்றாக முடிந்தது. அந்த வெற்றியாலேயே, ஆரம்பத்தில் 'அதிக ஆபத்து' என்று குறித்திருந்த வேலை 'குறைந்த ஆபத்து' என்று இறக்கப்பட்டது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் உறைத்தது இந்த இடம்தான். ஆறாவது கட்டத்தில், விடியற்காலையில், ரவுட்டரிலிருந்த வடிகட்டியை நீக்கினார்கள். மடை திறந்ததுபோல் பாதைத் தகவல்கள் மைய ரவுட்டர்களுக்குள் பாய்ந்து அவற்றை முடக்கின.

1 கோடி 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களுக்குப் போனும் இல்லை, இன்டர்நெட்டும் இல்லை. 911 அவசர அழைப்பு பலருக்குக் கிடைக்கவில்லை. கடைகளில் வங்கி அட்டை வேலை செய்யவில்லை. ரொரொன்ரோவில் இருக்கும் நம் நாட்டவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அதைவிடக் கொடுமை, திருத்த வேண்டிய ஊழியர்களும் அதே வலையமைப்பைத்தான் நம்பியிருந்தார்கள். வேறு கம்பனிகளின் சிம் அட்டைகளை வைத்துத்தான் ஒருவருக்கொருவர் பேசினார்கள். காரணத்தைக் கண்டுபிடிக்கவே சுமார் 14 மணித்தியாலம் போனது. வலையமைப்பைக் கட்டுப்படுத்தும் வழி, வலையமைப்புக்கு வெளியே தனியாக இருக்க வேண்டும் என்பதை அதற்குப் பிறகுதான் கனடாவில் பெரிதாகப் பேசினார்கள்.

ஏடி அன்ட் டியும் ரொஜர்ஸும் இழந்தது மணித்தியாலங்களை. புதுப்பிக்காமல் விட்ட நாம் இழந்தது சுமார் 100 நாள் ஆவணங்களை. தாக்குதலுக்குப் பிறகு, தினமும் இணையத்துக்கு வெளியே பேக்கப் எடுப்பதாகவும் மென்பொருளைப் புதுப்பிப்பதாகவும் அறிவித்தார்கள். மென்பொருளைப் புதுப்பிப்பது 2021இலேயே போட்ட திட்டம்தான்.

நமது பிறப்புச் சான்றிதழ், காணி விபரம், பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு எல்லாம் இப்போது கொம்பியூட்டருக்குள் போய்க்கொண்டிருக்கின்றன. அலுவலகத்தில் வேலை செய்யும் தம்பி, தங்கச்சிமார் இதைப் படித்தால் ஒரு கேள்வியை உங்கள் ஐ.டி. பிரிவிடம் கேட்டுப் பாருங்கள்: பேக்கப் எடுக்கிறீர்களா என்று கேட்க வேண்டாம், கடைசியாக எப்போது அந்த பேக்கப்பிலிருந்து திருப்பி எடுத்துப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். கிடைத்த பதிலைக் கீழே எழுதுங்கள், அலுவலகத்தின் பெயர் வேண்டாம்.